ஏக்க வரி

பால் பல்லைப் படிக்கும் இயந்திரம் வந்த பிறகு கோயம்புத்தூரில் புருஷன் பெண்டாட்டி சண்டையே இல்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். சண்டை எங்கும் போகவில்லை. இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அடுக்ககங்களில் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பக்கத்தில் சத்தம் வெளியே வராத ஓர் அறை கட்டி, வாசலில் ‘பேச்சறை’ என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். தம்பதிகள் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கி, வரிசையில் நின்று, உள்ளே போய்க் கத்திவிட்டு, தலையை வாரிக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்கில் தோற்ற பிள்ளையிடம் ‘கணக்கு உன்னைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்கிறது’ என்று வாத்தியார்கள் சொல்லப் பழகிவிட்டார்கள். குழந்தைகள் இருக்கும் இழவு வீட்டில் ஒப்பாரி கிடையாது.

இத்தனைக்கும் காரணம் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று. பால் பல்லின் உள்ளே, அது ஆடி விழும் வரை, தினமும் ஓர் அடுக்கு படிந்துகொண்டே இருக்கும். குழந்தையின் உடம்பு பெரிய அடி ஒன்றைத் தாங்கிய நாட்களில் அந்த அடுக்கு கறுத்துப்போகும். காய்ச்சலில் விழும் கோடு வேறு, மனசு உடைந்து விழும் கோடு வேறு என்று பிரித்துச் சொல்லும் இயந்திரத்தை யாரோ கண்டுபிடித்தார்கள். அதன் பெயர் வாயில் நுழையாது. எங்கள் பக்கம் குழந்தை சோர்ந்து படுத்தால் ‘ஏக்கம் தட்டிருச்சு’ என்பார்கள். அதனால் சனங்கள் அந்தக் கோட்டுக்கு ஏக்க வரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். வரி என்றால் யாராவது கட்டித்தானே ஆக வேண்டும். பெரும்பாலும் அம்மாக்கள் கட்டினார்கள்.

பெரிய நோய் வந்த குழந்தைகளின் பல்லில் இந்த வரி மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தென்படுகிறது என்று முதலில் ஓர் ஆராய்ச்சி சொன்னது. ‘கொஞ்சம்’ என்ற சொல்லை யாரும் படிக்கவில்லை. குழந்தைக்கு நோய் வந்தால் ஏக்கத் தடுப்புக் குழு பல்லைக் கேட்கும். நோய்க்கு முந்தைய ஒரு வருஷத்தில் வரி இருந்து, அதற்குப் பெற்றவர்களில் ஒருவர் காரணம் என்று தெரிந்தால் அவருக்கு ‘விலகல்’. ஒரு வருஷம் குழந்தையோடு ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. குழந்தையின் நன்மைக்காகத்தானாம். தாயைப் பிரித்து வைத்தால் குழந்தைக்கு ஏக்கம் தட்டாதா என்று நான் குழுவுக்கு எழுதிக் கேட்டேன். உங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது.

நான் குழந்தைகளின் சர்க்கரை நோய்க்கு வைத்தியம் பார்க்கிறவள். எனக்குக் கோபம் ஜாஸ்தி. நர்ஸுகள் கதவிடுக்கில் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அறைக்குள் வருவார்கள். குழந்தைகள் மட்டும் நேராக வந்து மேஜை மேல் ஏறுவார்கள்.

அன்று அப்படி வந்து ஏறியவள் செவ்வந்தி. ஏழு வயது. பங்குனியில் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்து, சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறிய நிலையில் எங்களிடம் கொண்டுவந்தார்கள். இப்போது வயிற்றில் ஒட்டிய சின்னப் பெட்டி ஒன்று இன்சுலினை உள்ளே அனுப்ப, பழையபடி குதித்துக்கொண்டிருந்தாள். கூட அவள் அப்பா கௌசிக்கும் அம்மா சுபிக்ஷாவும் வந்திருந்தார்கள். சுபிக்ஷா சிரித்துக்கொண்டே இருந்தாள். துணிக்கடை வாசலில் நின்று வரவேற்கிறவர்களுக்கு இருக்குமே, அந்த மாதிரிச் சிரிப்பு.

"டாக்டர், இவருக்கு எல்லாத்தையும் ஒருக்கா சொல்லிக் குடுத்துடுங்க. பெட்டி மாத்தறது, சாப்பாட்டுக்கு அளவு போடறது, ராத்திரி சர்க்கரை இறங்குனா என்ன பண்றதுன்னு எல்லாமே. வர்ற வியாழக்கிழமைக்கு மேல நான் இருக்க மாட்டேனுங்க" என்றாள்.

"ஏன், எங்க போறே?"

"விலகல் வந்திருச்சுங்க. வியாழக்கிழமை விசாரணை. அது சும்மா பேருக்குத்தான்னு சொல்றாங்க. ஒரு வருஷத்துக்கு நான் திருப்பூர்ல எங்கம்மா வீட்டுல இருக்கோணும். பாப்பாவைத் திரையில பாத்துக்கலாமாம்."

நான் கௌசிக்கைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நர்ஸைக் கூப்பிட்டுக் குழந்தையை வெளியே மீன் தொட்டியைக் காட்ட அழைத்துப் போகச் சொன்னேன். கதவு சாத்தியதும் சுபிக்ஷாவின் சிரிப்பு நின்றது.

"நீ என்ன பண்ணினே?" என்று கேட்டேன்.

"அழுதேனுங்க."

கௌசிக்தான் மீதியைச் சொன்னான். சுபிக்ஷாவுக்கு ஆதவன் என்று ஒரு தம்பி. வேலைக்காகக் கோயம்புத்தூர் வந்து இவர்கள் வீட்டிலேயே தங்கியிருந்தான். போன ஆடியில் அவினாசி ரோட்டில் ஒரு லாரி அவன் வண்டியை அடித்துப் போட்டுவிட்டது.

"அதுக்கப்புறம் சமைக்கறப்ப அழுவேன், துணி மடிக்கறப்ப அழுவேன்" என்றாள் சுபிக்ஷா. "பேச்சறைக்குப் போயி அழுன்னு மாமியார் சொன்னாங்க. எந்நேரமும் அங்கயேவா உக்காந்திருக்க முடியும்? பாப்பா வந்து மடியில படுத்துக்குவா. அவளும் அழுவா. கார்த்திகை வரைக்கும் அப்படித்தானுங்க ஓடுச்சு. பல்லுல பாத்தா ஆடியில இருந்து கார்த்திகை வரைக்கும் தார் ஊத்துனாப்பல வரி. நான் அழுத மாசம் பூராவும் எம்புள்ளை பல்லுல இருக்குதுங்க டாக்டர்."

"இப்ப?"

"அந்த விலகல் தாளு வந்த அன்னைக்கு இருந்து ஒரு சொட்டு அழலீங்க. இனி அழவும் மாட்டேன்."

நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இந்த நோய் ஒரே நாளில் வருவதில்லை. உடம்பே தன் கணையத்தைப் பகையாளி என்று நினைத்துத் தாக்க ஆரம்பிக்கும். வெளியில் ஒன்றும் தெரியாமல் அது வருஷக் கணக்கில் நடக்கும். தாகமும் மயக்கமும் கடைசியில் வருபவை.

"உன் தம்பி உசுரோட இருந்தப்பவே இது ஆரம்பிச்சிருக்கலாம்மா."

"இருக்கலாம்னுதானே சொல்றீங்க. இல்லவே இல்லைன்னு உங்களால சொல்ல முடியுமுங்களா?"

முடியாது. மனக்கஷ்டம் உடம்பை ஒன்றுமே செய்யாது என்று நான் எந்தப் பாடத்திலும் படிக்கவில்லை. அந்த இடத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தப் பல்லைக் காட்டு பார்ப்போம் என்றேன். கௌசிக் தன் போனிலிருந்து படத்தை என் சுவர்த்திரைக்கு அனுப்பினான்.

பல் ஆளுயரத்துக்கு நின்றது. வரி கன்னங்கரேலென்று இருந்தது, சந்தேகமில்லை. குழு பார்த்தது அந்தக் கறுப்பைத்தான். சுற்றியிருந்த வெள்ளையை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். எனக்கு அந்த வெள்ளையில்தான் கண் போனது. விளிம்பு நல்ல அகலமாக, சின்ன மண்வெட்டி போல இருந்தது. அந்த அகலம் மேல் வரிசை முன்பல்லுக்குத்தான் உண்டு. கீழ்ப்பல் குறுகலாக இருக்கும். இதற்குப் பல் டாக்டராக இருக்க வேண்டியதில்லை. கண்ணாடியில் வாயைத் திறந்து பார்த்தால் போதும்.

"பாப்பாவைக் கூப்பிடுங்க" என்றேன்.

செவ்வந்தி மீனின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"ஈ காட்டு சாமி."

காட்டினாள். மேல் வரிசை அரிசியாகச் சிரித்தது. ஒன்றுகூட விழவில்லை. ஓட்டை கீழ் வரிசையில் இருந்தது.

"எந்தப் பல்லு விழுந்துச்சு உனக்கு?"

"இதோ, இதுதான்" என்று நாக்கைக் கீழே ஓட்டைக்குள் விட்டுக் காட்டினாள். "பக்கத்துப் பல்லும் ஆடுது. மேல ஆடவே இல்ல."

நான் மெதுவாகக் கௌசிக் பக்கம் திரும்பினேன். "இந்தப் பல்லை எங்கிருந்து எடுத்தீங்க?"

"மொட்டை மாடியிலங்க. பல்லு விழுந்தா கூரை மேல போடோணுமில்லீங்க, அப்பத்தான் புதுப் பல்லு நல்லா முளைக்கும்னு. எங்களுக்கு ஏது கூரை? அதனால லிஃப்ட் ரூம் மேல இருக்கற தளத்துல போடச் சொன்னோம். குழு கேட்டப்ப ஏணி வெச்சு ஏறிப் பாத்தேன். ஒரே ஒரு பல்லு கிடந்துச்சு. எடுத்துக் குடுத்துட்டேன்."

"உங்க கட்டடத்துல வேற குழந்தைங்களே இல்லையா?"

கௌசிக் மகளைப் பார்த்தான். செவ்வந்தி சொன்னாள்: "எதிர்வீட்டு மிருதுளாவும் போட்டா. எனக்கு முன்னாடியே போட்டா. அவளுது மேல் பல்லு. நான் போட்டது சறுக்கிக்கிட்டு அந்தப் பக்கம் ரோட்டுல விழுந்திருச்சு. அப்பாகிட்ட சொன்னேன். அப்பா போன் பேசிட்டு இருந்தாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரிப்பதைப் பார்த்து நர்ஸ் பயந்துபோனாள். கோடை வெயிலில் மாசக்கணக்கில் காய்ந்த பல்லில் மரபணு பார்க்க வராது. பெற்றவர்கள் கொண்டுவந்து கொடுத்தால் அதுதான் என்று எடுத்துக்கொள்வார்கள். அப்பன் ஏணி ஏறினான், இயந்திரம் பல்லைச் சீவியது, குழு கையெழுத்துப் போட்டது. இத்தனை பேரில் ஒருத்தருக்குக்கூடக் குழந்தையின் வாயைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

கௌசிக்குக் கண் கலங்கிவிட்டது. "சுபி, அது நம்ம பாப்பா பல்லே இல்லையாம் சுபி" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். அவள் அசையவில்லை.

"அப்ப எம்புள்ளை பல்லுல இதைவிடப் பெருசா இருந்தா?" என்றாள். பிறகு, "டாக்டர், யாரோ ஒரு புள்ளை பல்லுல என் தம்பி செத்த தேதி எப்படிங்க விழும்?" என்று கேட்டாள்.

முதல் கேள்வியைவிட இரண்டாவதுதான் என்னைக் குடைந்தது.

குழுவுக்குப் போன் போட்டுக் கத்தினேன். சரியான பல்லை வியாழக்கிழமைக்குள் கொடுத்தால் பரிசீலிப்போம், ஆனால் பிடுங்கக் கூடாது, பிடுங்கினால் அதுவே ஒரு வரியாகிவிடும் என்றார்கள். ஆக, ஒரு குடும்பத்தின் தலையெழுத்து ஓர் ஆடும் பல்லில் தொங்கியது. கௌசிக் தினமும் எனக்குப் போன் செய்தான். "இன்னும் ஆடுதுங்க டாக்டர்." "இன்னைக்கு நல்லாவே ஆடுதுங்க." அவன் செங்காயாகக் கொய்யா வாங்கிவந்து குழந்தை கண்ணில் படும் இடமெல்லாம் வைத்தான். சுபிக்ஷா மட்டும் அந்தப் பல்லின் பக்கமே பார்க்கவில்லை. பையில் துணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தாளாம்.

நான் மிருதுளா வீட்டுக்குப் போன் செய்தேன். அவள் அம்மா ஹரிப்ரியாவுக்கு விஷயத்தைச் சொன்னதுமே குரல் மெலிந்துவிட்டது.

"எங்க வீட்டுல ஒரு சத்தம் கேக்காதுங்க டாக்டர். நீங்க யாரை வேணா கேட்டுப் பாருங்க. நாங்க அவளை ஒரு வார்த்தை வைய மாட்டோம். அது எங்க பாப்பா பல்லா இருக்காது."

"குழுவுக்குச் சொல்ல மாட்டேன். நோய் வந்தாத்தான் அவங்களுக்கு வேலை. உங்க பொண்ணுக்கு ரத்தம் மட்டும் பாத்துடலாம். கூட்டிட்டு வாங்க."

வந்தார்கள். மிருதுளா செவ்வந்தியைவிட ஒரு வயது பெரியவள். மேல் வரிசையில் புதுப் பல் பாதி முளைத்திருந்தது. மேஜை மேல் ஏறாமல் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த முதல் குழந்தை அவள்தான். ரத்தம் எடுத்தபோது முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. முடிவு உடனே வந்தது. கணையத்தைத் தாக்கும் அறிகுறி மருந்துக்கும் இல்லை. வேறு எந்தக் குறையும் இல்லை. அத்தனை கறுப்பு வரியைச் சுமந்த குழந்தை உடம்பளவில் கல்லாக இருந்தாள். ஹரிப்ரியா பெருமூச்சு விட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நான் உட்காரச் சொன்னேன்.

"மிருதுளா, போன வருஷம் ஸ்கூல் திறந்து கொஞ்ச நாளைக்கு அப்புறம் உனக்கு என்ன ஆச்சு?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். நான் ஹரிப்ரியாவை ஒரு பார்வை பார்த்தேன்.

"ஒண்ணும் ஆகலை" என்றாள் மிருதுளா. பிறகு, "ஆதவன் மாமா ஊருக்குப் போயிட்டாங்க" என்றாள்.

"யாரு, செவ்வந்தி மாமாவா?"

"ம். ஞாயித்துக்கிழமை எனக்கு மொட்டை மாடியில ஸ்கேட்டிங் சொல்லித் தருவாங்க. செவ்வந்திக்குப் பயம், அவ வர மாட்டா. நான் மட்டும்தான். மாமா எப்ப வருவாங்கன்னு அம்மாகிட்ட கேட்டேன். ஊருக்குப் போயிருக்காங்க, வந்துருவாங்கன்னு சொன்னாங்க. நான் ஞாயித்துக்கிழமை ஷூ போட்டுக்கிட்டு லிஃப்ட் கிட்ட நிப்பேன்."

"எத்தனை நாள் நின்னே?"

"நிறைய."

"அப்புறம் ஏன் நிறுத்திட்டே?"

"ஷூ பத்தலை" என்றாள்.

ஹரிப்ரியா கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். "வேற என்னங்க டாக்டர் சொல்றது? செத்துட்டாங்கன்னு சொன்னா வரி விழுந்துருமேன்னு பயந்துட்டேன். அந்த வீட்டுல அழுகைச் சத்தம் கேக்குதுன்னு கொஞ்ச நாளைக்கு அங்க விடவும் இல்லை. செவ்வந்திகிட்டயும் மாமா பேச்சை எடுக்காதேன்னு சொல்லி வெச்சேன்" என்று என் காதருகே வந்து சொன்னாள்.

நாம் எல்லோரும் குழந்தையிடம் சொல்கிற வார்த்தைதான் அது. ஊருக்குப் போயிருக்கார். ஊருக்குப் போனவர் என்றால் திரும்பி வர வேண்டுமே என்று குழந்தை கணக்குப் போடும் என்பது நமக்குத் தோன்றுவதில்லை. எனக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. ஆனால் ஹரிப்ரியாவின் முகத்தைப் பார்த்தால் கோபப்பட முடியவில்லை. பாவம், அந்த வரிக்குப் பயந்தே அந்த வரியைப் போட்டிருக்கிறாள்.

"இப்ப நான் இவகிட்ட சொல்லோணுமுங்களா?" என்றாள்.

"யாராவது சொல்லித்தான் ஆகணும். ஆனா அது நான் இல்லை. அவரைத் தெரிஞ்சவங்க சொல்லணும்."

செவ்வந்தியின் பல் புதன்கிழமை காலை கொய்யாவில் மாட்டிக்கொண்டு விழுந்தது. அதோடு கதை முடியவில்லை. கூரை மேல் போடாமல் தர மாட்டேன் என்று பல்லை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு குழந்தை கட்டிலுக்கடியில் போய் உட்கார்ந்துவிட்டாள். கௌசிக் எனக்குப் போன் செய்தான். நான் வேலையை விட்டுவிட்டுப் போனிலேயே பேரம் பேசினேன். இயந்திரத்துக்குச் சின்னச் சீவல் போதும், மீதிப் பல்லைத் திருப்பித் தந்துவிடுவார்கள், அதைப் போடலாம்.

"சீவுன பல்லு போட்டா சீவுன பல்லுதான் முளைக்குமா?" என்று கேட்டாள்.

"முழுப் பல்லுதான் முளைக்கும். நான் பொறுப்பு."

வியாழக்கிழமை குழுவின் அறையில் நாங்கள் உட்கார்ந்திருந்தபோது சுபிக்ஷாவின் காலடியில் துணிப்பை இருந்தது. அப்படியே திருப்பூர் பஸ் ஏறிவிடலாம் என்று கொண்டுவந்திருந்தாள். குழுத் தலைவர் நல்ல மனிதர்தான். குரலை உயர்த்தாமல் பேசுவதற்கென்றே அந்த வேலைக்கு எடுத்திருப்பார்கள். அவர் புதுப் படத்தைத் திரையில் போட்டார். சுபிக்ஷா கண்ணை மூடிக்கொண்டாள். கௌசிக் என் கையைப் பிடித்துக்கொண்டான், தன் மனைவியின் கை என்று நினைத்துத்தான்.

பல் குறுகலாக இருந்தது. பிறந்த நாளின் கோடு ஒன்று, எல்லாக் குழந்தைக்கும் உண்டு. அம்மை போட்ட காய்ச்சலின் கோடு ஒன்று. போன ஆடியில் மயிரிழை மாதிரி ஒரு நிழல், ஒரு வாரம் இருக்கும். அதற்குப் பிறகு கார்த்திகை வரைக்கும், அதைத் தாண்டியும், வெள்ளை வெளேரென்று இருந்தது.

"கண்ணைத் தொற சுபிக்ஷா" என்றேன்.

திறந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "அந்த நாலு மாசமும் அவ என்கூடவேதானுங்களே அழுதா?" என்றாள்.

"அதனாலதான் போல. அழுதுட்டு எந்திரிச்சுப் போயி விளையாடியிருக்கா. அவளுக்கு மாமா செத்தது தெரியும். அம்மா எதுக்கு அழறாங்கன்னு தெரியும். அழறதுக்கு ஒரு மடி இருந்துச்சு. அவ பல்லு வேறென்ன சொல்லும்?"

தலைவர் தொண்டையைச் செருமினார். "இந்தப் பல்லில் வரி இல்லை. ஆனால் நோய் வந்திருக்கிறதே" என்றார் யோசனையாக.

"இன்னொரு குழந்தை இருக்கு. பேரு சொல்ல மாட்டேன்" என்றேன். "நீங்க முதல்ல பாத்தீங்களே, அந்தக் கறுப்பு வரி அவளோடது. அவளை முழுசாச் சோதிச்சுட்டேன். ஒரு நோயும் இல்லை. வரி உள்ளவளுக்கு நோய் இல்லை, நோய் உள்ளவளுக்கு வரி இல்லை. இப்ப யாரை யாருகிட்டருந்து விலக்கப் போறீங்க?"

அவர் தாளைப் புரட்டினார். உத்தரவு ரத்து என்று வாசித்தார். ஒரு பல்லால் விதி மாறிவிடாது, அது எனக்கும் தெரியும். அடுத்த வாரம் எல்லா மருத்துவமனைகளுக்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது. பல்லைப் படிக்குமுன் குழந்தையின் வாயைப் பார்க்கவும் என்றிருந்தது. இதற்கே இவ்வளவு பாடு. ஆனாலும் அன்று அந்தப் படியில் இறங்கும்போது எனக்கு உடம்பே லேசாக இருந்தது. கௌசிக் துணிப்பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்தான்.

வண்டியருகே வந்ததும் சுபிக்ஷா நின்றாள். "தேதி எப்படி ஒத்துப்போச்சுன்னு நீங்க சொல்லவே இல்லீங்களே."

சொன்னேன். ஸ்கேட்டிங்கைச் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமைகளைச் சொன்னேன், பத்தாமல் போன ஷூவைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள்.

"எங்க ஆதவனுக்காக எங்க வீட்டுக்கு வெளியில ஒருத்தி காத்துக்கிட்டு நின்னிருக்கா. எதிர்வீட்டுலதான் இருந்திருக்கா, எனக்குத் தெரியலையே" என்றாள். பிறகு, "நீங்களும் வாங்க டாக்டர். எனக்குத் தனியாப் போகப் பயமா இருக்குது" என்றாள்.

சாயங்காலம் அவர்களோடு வடவள்ளியில் இருக்கும் அவர்கள் அடுக்ககத்துக்குப் போனேன். ஹரிப்ரியா கதவைத் திறந்து எங்களைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். விலகி வழிவிட்டாள். மிருதுளா கூடத்தில் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். சுபிக்ஷா அவளுக்கெதிரே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"மிருதுக்குட்டி, ஆதவன் மாமா ஊருக்குப் போகலை சாமி. மாமா செத்துப் போயிட்டாங்க. வண்டியில அடிபட்டுச் செத்துட்டாங்க. இனி வர மாட்டாங்க."

குழந்தை கையிலிருந்த வண்ணப் பேனாவை மூடி போட்டு வைத்தாள்.

"என் மேல கோவமா அவங்களுக்கு?" என்றாள்.

"இல்ல சாமி."

"நான் திரும்பற இடத்துல விழுந்துட்டே இருப்பேன். சரியாவே பண்ண மாட்டேன். அதனாலதான் வரலைன்னு நினைச்சேன்."

"இல்ல கண்ணு, இல்ல. நீ நல்லாப் பண்றேன்னு எங்ககிட்ட சொல்லுவாங்க. சோத்துல உக்காந்தா உன் பேச்சுத்தான்" என்றாள் சுபிக்ஷா. அதைச் சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. அந்தத் தாள் வந்த நாளிலிருந்து அடக்கி வைத்த அத்தனையும் வந்தது. வாயைப் பொத்திக்கொள்ளவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. மிருதுளா அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். அடுத்த நொடி அவள் மடியில் விழுந்து, வீடே கேட்க அழுதாள்.

ஹரிப்ரியா பால்கனிக் கதவைச் சாத்த ஓடினாள். கதவில் கையை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். பிறகு சாத்தாமல் விட்டுவிட்டு வந்து இவர்களோடு தரையில் உட்கார்ந்தாள்.

செவ்வந்தி என் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"டாக்டர், அம்மா இவ்வளவு அழுதா எனக்குப் பெட்டி பத்தாம ஊசியும் போடணுமா?"

"வேண்டாம் சாமி. அழுகைக்கு ஊசி கிடையாது."

"நெசமா?"

"நெசமா."

"அப்ப நானும் கொஞ்சம் அழுதுக்கட்டுமா?"

சரி என்று தலையை ஆட்டினேன். அவள் போய் அம்மாவின் மடியில் இடம் இருக்கிறதா என்று பார்த்தாள். மிருதுளா கொஞ்சம் நகர்ந்து படுத்தாள்.